டெல்லியில் துருப்புச் சீட்டு, கோட்டையில் தலைவலி

2016 பிப்ரவரியில் காஞ்சிபுரத்தில் தே.மு.தி.க. மாநாடு. மேடையில் நின்ற விஜயகாந்த், எதிரே இருந்த கூட்டத்திடம் தான் கிங்காக இருக்கணுமா கிங்மேக்கராக இருக்கணுமா என்று கேட்டார். கூட்டம் என்ன சொல்லும், கிங் என்றுதான் கத்தியது. அன்றைக்கு தி.மு.க. அவருக்காகக் காத்திருந்தது, பா.ஜ.க. காத்திருந்தது, ம.தி.மு.க., இடதுசாரிகள், வி.சி.க. சேர்ந்த மக்கள் நலக் கூட்டணியும் காத்திருந்தது. யாரோடு போனாலும் முடிவை மாற்றக்கூடியவர் என்று எல்லா டிவி விவாதங்களிலும் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து ஓட்டு எண்ணியபோது உளுந்தூர்ப்பேட்டையில் அவருக்கே மூன்றாம் இடம், டெபாசிட்டும் போனது. 2009ல் பத்து சதவீதத்தைத் தாண்டியிருந்த கட்சி இரண்டரை சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

தமிழ்நாட்டு வாக்காளருக்குக் கிங்மேக்கரைப் பிடிக்காது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது பாதி உண்மை. டெல்லியில் ஆட்சியின் பிடி தமிழ்நாட்டுக் கட்சி ஒன்றின் கையில் இருந்தால் நமக்கு அது பெருமை, "நம்ம ஆளு இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். அதே பிடி கோட்டையில் பத்து எம்.எல்.ஏ. வைத்திருக்கும் ஒரு கட்சியிடம் போகும் என்றால் உடனே பேரம், மிரட்டல், நிலையற்ற ஆட்சி என்று பேச ஆரம்பிக்கிறோம். இந்த இரட்டை அளவுகோல் எங்கிருந்து வந்தது, கோட்டை விஷயத்தில் நம் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிதாக ஆதாரம் இல்லை.

டெல்லிக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 1969ல் காங்கிரஸ் உடைந்து இந்திரா காந்தியின் அரசு சிறுபான்மை அரசானபோது அதைத் தாங்கிப் பிடித்தவற்றில் ஒன்று தி.மு.க.வின் 25 எம்.பி.க்கள். 1989 மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, இருந்தும் தேசிய முன்னணியில் இருந்ததால் வி.பி. சிங் அமைச்சரவையில் முரசொலி மாறன் இருந்தார். 1990 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் வந்தது. 1996ல் மூப்பனாரின் த.மா.கா. 20, தி.மு.க. 17 என்று ஐக்கிய முன்னணியின் முதுகெலும்பில் பாதி இங்கேதான் இருந்தது. அந்த முன்னணியின் கடைசி நாட்களை மறந்திருப்பீர்கள்: ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையைக் காட்டி தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்னது காங்கிரஸ், முன்னணி மறுத்தது, 1997 நவம்பரில் குஜ்ரால் அரசு போனது. 2004ல் புதுச்சேரி உட்பட நாற்பதுக்கு நாற்பது. அந்த வருட அக்டோபரில் தமிழ் செம்மொழி என்ற அறிவிப்பு வந்தது. இதையெல்லாம் தமிழ்நாட்டில் யாரும் மிரட்டல் என்று சொல்வதில்லை. உரிமையை வாங்கினோம் என்றுதான் பேச்சு.

எல்லாப் பிடியும் உரிமைக்காக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1998ல் அ.தி.மு.க.வின் 18 எம்.பி.க்கள் வாஜ்பாய் அரசின் மூச்சைப் பிடித்து வைத்திருந்தார்கள், இங்கிருந்த தி.மு.க. அரசைக் கலைக்க வேண்டும் என்ற கோரிக்கை வெளிப்படையாகவே இருந்தது. 1999 ஏப்ரல் 17 அன்று 269க்கு 270, ஒரே ஒரு ஓட்டில் அந்த அரசு கவிழ்ந்தது. அடுத்த தேர்தலில் தமிழ்நாட்டு வாக்காளர் என்ன செய்தார் என்பது முக்கியம். அரசு கவிழ்ந்ததும் பா.ஜ.க.வோடு சேர்ந்துகொண்ட தி.மு.க. அணிக்கு 26, அ.தி.மு.க. அணிக்கு 13. அ.தி.மு.க. மட்டும் என்றால் 18லிருந்து 10. தண்டனைதான், ஆனால் துடைத்து எறியவில்லை. இரண்டு வருடத்தில் அதே ஜெயலலிதாவைக் கோட்டைக்கு அனுப்பினார்கள்.

அப்புறம் 2014. அ.தி.மு.க.வுக்கு 37 எம்.பி., மக்களவையில் மூன்றாவது பெரிய கட்சி. ஆனால் பா.ஜ.க. தனியாக 282 வாங்கிவிட்டதால் அந்த 37ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. 2024 அதைவிட வேடிக்கை. பா.ஜ.க. 240ல் நின்றது, பிடி என்ற ஒன்று பத்து வருடம் கழித்து மறுபடி உருவானது, ஆனால் தமிழ்நாட்டின் 39ம் எதிர்ப்பக்கத்தில். 16 இடம் வைத்திருந்த சந்திரபாபு நாயுடுவும் 12 இடம் வைத்திருந்த நிதிஷ் குமாரும் துருப்புச் சீட்டானார்கள். ஜூலை பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய்க்கு ஏற்பாடு, பீகாருக்கு வரிசையாகத் திட்டங்கள். அன்று சென்னையில் டீக்கடையிலும் ஆபீஸ் கேன்டீனிலும் கேட்ட புலம்பலில் கோபத்தைவிடப் பொறாமை அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இனி கோட்டை. 1967ல் அண்ணா கூட்டணி அமைத்துத்தான் ஜெயித்தார், ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் எல்லாரும் உடன் இருந்தார்கள். ஆனால் தி.மு.க. மட்டுமே 137 இடம் வாங்கியது, பெரும்பான்மைக்குத் தேவை 118தான், ஆகவே அமைச்சரவை முழுக்க ஒரே கட்சி. அதிலிருந்து 2021ல் அமைந்த அமைச்சரவை வரைக்கும் அதே வழக்கம். கூட்டணி என்றால் தேர்தலுக்கு, ஆட்சி என்றால் ஒரு கட்சிக்கு. இதை மாற்றிப் பார்க்கலாம் என்று நினைத்த சந்தர்ப்பங்களில் மக்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 1980. அந்த வருடம் ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் தி.மு.க.-காங்கிரஸ் அணி 39ல் 37 ஜெயித்தது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். இரண்டு கட்சிகளும் தொகுதிகளை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எம்.ஜி.ஆர். 129 இடத்தோடு திரும்பி வந்தார், தி.மு.க.வுக்கு 37, காங்கிரசுக்கு 31. சரிபாதி என்றால் ஆளப்போவது யார், யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்ற குழப்பம் தோல்விக்கு ஒரு காரணம் என்று அன்று முதல் பேசப்படுகிறது. எம்.ஜி.ஆர். மீதான அனுதாபமும் அதே அளவு காரணமாக இருந்திருக்கும், அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் கட்சிகள் எடுத்துக்கொண்ட பாடம் முதலாவதுதான். 1984ல் அ.தி.மு.க.வும் காங்கிரசும் சேர்ந்தபோது ஒரு கணக்குப் போட்டார்கள்: சட்டமன்றத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அ.தி.மு.க.வுக்கு, மக்களவையில் அதே பங்கு காங்கிரசுக்கு. எம்.ஜி.ஆர். ஃபார்முலா என்று பின்னாளில் பெயர் வாங்கியது. டெல்லி உனக்கு, கோட்டை எனக்கு. நம் இரட்டை அளவுகோலைத் தொகுதிப் பங்கீடாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

சரி, பயத்துக்கு வருவோம். சின்னக் கட்சி கையில் பிடி போனால் ஆட்சி கவிழும் என்பதுதானே பயம். தமிழ்நாட்டில் 1967க்குப் பிறகு பதவிக்காலம் முடியாமல் கவிழ்ந்த அரசுகளை எண்ணிப் பாருங்கள். 1976 ஜனவரி 31, கருணாநிதி அரசு கலைப்பு, சட்டமன்றத்தில் அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்தது. 1980 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். அரசு கலைப்பு, பெரும்பான்மை இருந்தது. 1991 ஜனவரி 30, மறுபடி கருணாநிதி அரசு, அப்போதும் பெரும்பான்மை இருந்தது, ஆளுநர் பர்னாலா அறிக்கை கொடுக்கவே மறுத்தும் 356வது பிரிவில் ஆளுநர் அறிக்கை இல்லாமலும் செய்யலாம் என்று இருக்கும் வாசலைப் பயன்படுத்திக் கலைத்தார்கள். கலைத்த சந்திரசேகர் அரசே அறுபது சொச்சம் எம்.பி.க்களோடு, காங்கிரசின் தயவில் ஓடிக்கொண்டிருந்த அரசு. இங்கே கலைக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தவர்களில் அ.தி.மு.க.வும் உண்டு, அதன் 11 எம்.பி.க்கள் அன்று டெல்லியில் தேவைப்பட்டவர்கள். ஆக, டெல்லியில் நாம் பெருமைப்படும் அதே துருப்புச் சீட்டு ஒரு தடவை நம் கோட்டையையே சாய்த்திருக்கிறது. 1994ல், மாநில அரசுகளை நினைத்தபடி கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்த பிறகுதான் இந்த விளையாட்டு அடங்கியது.

மீதி ஒன்று 1988. எம்.ஜி.ஆர். இறந்ததும் அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்தது. அறுபது சொச்சம் எம்.எல்.ஏ. வைத்திருந்த காங்கிரஸ் அந்த நேரத்தில் நிஜமாகவே தராசின் முள்ளைப் பிடித்திருந்தது. ஜானகியை ஆதரிக்க வேண்டும் என்றார் சிவாஜி கணேசன், டெல்லித் தலைமை சம்மதிக்கவில்லை, அவர் தன் ஆட்களோடு வெளியேறினார். ஜனவரி 28 அன்று சட்டமன்றத்தில் நடந்த அடிதடி, போலீஸ் உள்ளே வந்தது, 30ம் தேதி ஆட்சிக் கலைப்பு. 24 நாள் முதல்வர். இதைக்கூட ஒரு சின்னக் கட்சி காலை வாரிய கதையாகச் சொல்ல முடியாது, ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்ததால் வந்த வினை. அடுத்த வருடத் தேர்தலில் காங்கிரஸ் தனியாக நின்று ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு வாங்கியது, ஆனால் இடம் 26தான். சிவாஜி திருவையாற்றில் தோற்றார்.

2017 பிப்ரவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஆரில் கூவத்தூர் சொகுசு விடுதியில் எம்.எல்.ஏ.க்களைப் பூட்டி வைத்த கூத்தை நாடே பார்த்தது. தொங்கு சட்டசபை என்றால் மக்கள் மனதில் வரும் படமே அதுதான். ஆனால் அந்தச் சட்டசபை தொங்கவில்லை! ஒரே கட்சி, கூட்டணி ஆட்சியும் இல்லை, தனிப் பெரும்பான்மைக்கு மேலே பதினைந்துக்கும் அதிகமான இடம் இருந்தது. குதிரை பேரம் பற்றிய நம் மோசமான நினைவுகள் எல்லாம் தனிக்கட்சி ஆட்சியில் இருந்து வந்தவை, பழியை மட்டும் சின்னக் கட்சிகள் தலையில் வைக்கிறோம்.

சின்னக் கட்சிகளை நம்பி ஓடிய அரசு என்று நம் வரலாற்றில் சொல்லக்கூடியவை இரண்டு. முதலாவது 1952. அன்றைய சென்னை மாகாணத்தில் 375 இடங்கள், காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகள் உட்பட எதிரணி ஒன்று சேர்ந்து நாங்கள்தான் பெரும்பான்மை என்றது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். பெரும்பான்மைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கம் வன்னியர் ஆதரவில் ஜெயித்த இரண்டு கட்சிகள், ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19, மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6. நாயக்கர் உடனே அமைச்சரானார், படையாட்சியார் 1954ல் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்பதாக உறுதி வாங்கிக்கொண்டு இவர்களுக்காக ஓட்டுக் கேட்ட தி.மு.க.வின் கோபம் தனிக் கதை. சின்னக் கட்சி விலைபோகும் என்ற பேச்சுக்கு இங்கே அப்போதே விதை போட்டாயிற்று.

இரண்டாவது 2006, இதைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. மே 11 அன்று முடிவு வந்தபோது தி.மு.க.வுக்கு 96. காங்கிரஸ் 34, பா.ம.க. 18, மார்க்சிஸ்ட் 9, சி.பி.ஐ. 6. எதிரே அ.தி.மு.க. 61. தி.மு.க. ஏன் 118ஐத் தொடவில்லை? போட்டியிட்டதே 132 இடத்தில்தான், கூட்டணிக்கு நூறுக்கு மேல் கொடுத்துவிட்டது, 132ல் 118 ஜெயிப்பது என்பது அலை அடித்தால்தான் நடக்கும். 96 என்பது நல்ல வெற்றி விகிதம், தோல்வி இல்லை. ஆனால் ஐந்து வருடமும் ஜெயலலிதா தன் அறிக்கைகளில் "மைனாரிட்டி தி.மு.க. அரசு" என்று எழுதாத நாள் அபூர்வம். அந்த இரண்டு சொற்கள் சட்டசபையில், பத்திரிகையில், மேடையில் எல்லா இடத்திலும் கேட்டன.

அந்த மைனாரிட்டி அரசு முழுசாக ஐந்து வருடம் ஓடியது. பதவியேற்ற அன்றே கூட்டுறவு வேளாண் கடன் தள்ளுபடி, இரண்டு ரூபாய் அரிசி, பின்னால் கலர் டிவி. பிடிக்குமோ பிடிக்காதோ, சொன்னதைச் செய்ய முடியாமல் கூட்டாளிகள் கையைக் கட்டிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2008ல் பா.ம.க.வைக் கூட்டணியிலிருந்து வெளியே அனுப்பினார்கள், இடதுசாரிகளும் போனார்கள், அரசு ஆடவில்லை, ஏனென்றால் 96ம் 34ம் சேர்ந்தால் 130. காங்கிரஸ் போயிருந்தால்தான் கதை முடிந்திருக்கும், காங்கிரஸ் போகவில்லை. காரணம் நாகரிகம் அல்ல, கணக்கு. டெல்லியில் மன்மோகன் சிங் அரசுக்கு தி.மு.க.வின் 16 எம்.பி.க்கள் வேண்டும், சென்னையில் தி.மு.க.வுக்குக் காங்கிரசின் 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும். உன் குடுமி என் கையில், என் குடுமி உன் கையில். காங்கிரஸ் அலுவலகமான சத்தியமூர்த்தி பவனில் அவ்வப்போது அமைச்சரவையில் பங்கு கேட்டுக் குரல் எழும், டெல்லியிலிருந்து ஒரு சொல் வரும், அடங்கிவிடும். மந்திரி பதவி இல்லாமல் வெளியிலிருந்து ஆதரவு என்பதால் கட்சிக்காரர்களுக்கு வருத்தம் இருந்தது, ஆட்சிக்கு ஆபத்து இல்லை.

மக்கள் அதை எப்படிப் பார்த்தார்கள்? 2009 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. அணிக்குத் தமிழ்நாட்டில் 27 இடம், எதிரணிக்கு 12. மூன்று வருடம் "மைனாரிட்டி" என்று காதில் ஓதியும் ஓட்டுப் போடுகிறவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் இதிலிருந்து தெரிகிறது. 2011ல் படுதோல்வி வந்தது, அதற்கு மின்வெட்டு, அலைக்கற்றை விவகாரம், விலைவாசி, குடும்ப ஆதிக்கம் என்ற பேச்சு என்று ஆயிரம் காரணம் சொல்லலாம், கூட்டாளிகளின் மிரட்டல் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தத் தேர்தலுக்கு முன்னால் தொகுதிப் பங்கீட்டில் ஒரு மிரட்டல் நடந்தது உண்மை. காங்கிரஸ் 63 கேட்டது, மத்திய அமைச்சர்களை வாபஸ் வாங்குகிறோம் என்று தி.மு.க. அறிவித்தது, கடைசியில் 63 கொடுத்தது. மயிலாப்பூரில் பங்குனி மாதம் அறுபத்து மூவர் வீதியுலா வரும், அந்த வருடம் பங்குனி பிறப்பதற்கு முன்பே சத்தியமூர்த்தி பவனில் அறுபத்து மூவர் புறப்பாடு. கரை சேர்ந்தவர்கள் 5 பேர்.

ஆக வாக்காளர்கள் சின்னக் கட்சிகளைத் தண்டிப்பதில்லையா என்றால், தண்டிக்கிறார்கள், ஆனால் வேறு குற்றத்துக்காக. பா.ம.க.வைப் பாருங்கள். 1998ல் அ.தி.மு.க. பக்கம், 1999ல் தி.மு.க.-பா.ஜ.க. பக்கம், 2001ல் அ.தி.மு.க., 2004லும் 2006லும் தி.மு.க. போன இடமெல்லாம் வெற்றி, டாக்டர் ராமதாஸ் இருக்கும் அணிதான் ஜெயிக்கும் என்ற நம்பிக்கையே உருவானது. 2009ல் மறுபடி அ.தி.மு.க. பக்கம் தாவி, போட்டியிட்ட ஏழிலும் தோற்றார்கள். தாவலைத்தான் ஜனங்கள் பொறுக்கவில்லை. கர்நாடகத்தில் தேவகவுடாவின் கட்சியும் அப்படியே. 2004ல் 58 இடம், குமாரசாமி பா.ஜ.க.வோடு இருபது மாதம் நீ இருபது மாதம் நான் என்று ஒப்பந்தம் போட்டு, முறை வந்ததும் நாற்காலியைக் கொடுக்காமல் இழுத்தடித்தார், 2008ல் 28. டெல்லியில் இடதுசாரிகள் 2008ல் அணுசக்தி ஒப்பந்தத்துக்காக ஆதரவை விலக்கினார்கள், அடுத்த வருடம் மார்க்சிஸ்ட் 43லிருந்து 16. அதில் மேற்கு வங்க நிலப் பிரச்சினைகளுக்கும் பெரிய பங்கு உண்டு, முழுப்பழியையும் ஆதரவு வாபசில் போடுவது சரியல்ல.

நியூசிலாந்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வின்ஸ்டன் பீட்டர்ஸின் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சி 1996ல் 17 இடத்தோடு யார் ஆட்சி என்பதைத் தீர்மானித்தது, வாரக்கணக்கில் இரண்டு பக்கமும் பேசி மக்களை எரிச்சலாக்கியது, அடுத்த தேர்தலில் 4.3 சதவீதத்துக்குச் சரிந்தது. 2017ல் மறுபடி 9 இடத்தோடு அதே வேலை, 2020ல் ஒரு இடம்கூட இல்லை, 2023ல் திரும்ப வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில், 2011ல், சின்னக் கட்சிகளுக்கு இப்படி இடம் கொடுக்கும் தேர்தல் முறையே வேண்டுமா என்று மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். ஏறக்குறைய 58 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். பிடியை வைத்து ஆடுகிறவரைத் திட்டுகிறார்கள், ஆட வழி செய்யும் முறையை விடவும் மாட்டேன் என்கிறார்கள். மக்கள் கருத்து என்பதை ஒரே வரிக்குள் அடக்குகிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினைதான்.

கேட்கும் விதத்திலேயே பதில் மாறிவிடுவது இன்னொரு பிரச்சினை. நிலையான ஆட்சி வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்பவர் யார்? ஒரே கட்சி எதிர்ப்பே இல்லாமல் ஐந்து வருடம் நினைத்ததைச் செய்யலாமா என்று கேளுங்கள், அதே ஆள் தலையை ஆட்டமாட்டார். அப்புறம், யாரிடம் கேட்கிறோம் என்பது. பெரிய கட்சிக்கு ஓட்டுப் போட்டவருக்குக் கூட்டாளி ஒரு தொல்லை. தோற்கப்போகிற பக்கத்தில் இருப்பவருக்குத் தொங்கு சட்டசபை ஒரு ஆறுதல். சிறுத்தைகளுக்கோ கம்யூனிஸ்டுகளுக்கோ ஓட்டுப் போட்டவருக்கு அந்தப் பிடிதான் தன் ஓட்டுக்குக் கிடைக்கும் ஒரே பலன். இவர்கள் மூன்று பேரையும் கூட்டி வகுத்து வரும் சராசரி யாருடைய கருத்தும் இல்லை.

சென்னைவாசிகளுக்கு இதில் ஒரு தனிக் கோணம் உண்டு. நகரத்தின் 16 தொகுதிகளில் 2021ல் தி.மு.க. அணி பதினாறையும் ஜெயித்தது, அதில் 15 தி.மு.க., வேளச்சேரி மட்டும் காங்கிரஸ். ஜெயிக்கக்கூடிய அணியில் சின்னக் கட்சிச் சின்னத்தை இயந்திரத்தில் பார்த்த சென்னை வாக்காளர் அந்தத் தேர்தலில் மிகக் குறைவு. ஓ.எம்.ஆரில் தெற்கே போய் திருப்போரூரையோ அதையும் தாண்டிச் செய்யூரையோ தொட்டால்தான் வி.சி.க.வின் பானைச் சின்னம். சின்னக் கட்சி என்றால் நகரத்துக்காரர் நினைப்பது மக்கள் நீதி மய்யம் மாதிரி, 2019ல் தென் சென்னையில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி ஒரு இடமும் ஜெயிக்காத வகை. வட மாவட்டத்துக்காரர் நினைப்பது ஊரில் கொடிக்கம்பம் வைத்திருக்கும், வேட்பாளரை ஜெயிக்கவும் தோற்கவும் வைக்கும் வகை. நம் தேர்தல் முறையில் முதலாவது வகைக்குப் பிடி கிடைக்கவே கிடைக்காது. 2021ல் நாம் தமிழர் ஆறரை சதவீதத்துக்கு மேல் வாங்கியும் பூஜ்யம், வி.சி.க. அதைவிட மிகக் குறைவாக வாங்கி 4 எம்.எல்.ஏ. ஓட்டு எங்கே குவிந்திருக்கிறது, யார் தோளில் ஏறி நிற்கிறோம் என்பதுதான் கணக்கு.

பிடி என்பது எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 234 பேர் அவையில் ஒரு கட்சிக்கு 105, இன்னொன்றுக்கு 100, மூன்றாவதுக்கு 29 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு சேர்ந்தாலும் 118ஐத் தாண்டும், ஆகவே கணக்குப்படி 29க்கும் 105க்கும் ஒரே பலம். ஆனால் இது காகிதத்தில். இரண்டு பக்கமும் போகக்கூடியவருக்குத்தான் அந்தப் பலம். கொள்கை காரணமாகவோ சொந்த ஓட்டாளர்களுக்குப் பயந்தோ ஒரு பக்கம் போகவே முடியாது என்று இருக்கும் கட்சியிடம் 29 இருந்தாலும் பெரிய கட்சி கவலைப்படாது. கொள்கையில் உறுதியாக இருக்கிறவனுக்குப் பேரம் பேசும் சக்தி இல்லை, தாவுகிறவனுக்கு இருக்கிறது, தாவினால் மக்கள் அடிக்கிறார்கள். சின்னக் கட்சித் தலைவர்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் இதுதான், அவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபமே உண்டு.

இதைவிட சாமர்த்தியமான பூட்டு ஒன்றைப் பெரிய கட்சிகள் கண்டுபிடித்திருக்கின்றன: சின்னம். கூட்டணிக் கட்சி வேட்பாளரை உதயசூரியனில் நிறுத்தினால், சட்டத்தின் பார்வையில் அவர் தி.மு.க. உறுப்பினர். 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி தி.மு.க. கொறடாவின் உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தும், மீறினால் பதவி போகும். 2021ல் தி.மு.க. கணக்கில் வரும் 133 பேரில் 8 பேர் ம.தி.மு.க., மனிதநேய மக்கள் கட்சி மாதிரிக் கூட்டணிக் கட்சிக்காரர்கள். அவர்கள் மேடையில் அரசைத் திட்டலாம், நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்த்துக் கை தூக்க முடியாது. 2006ல் 132 இடத்தில் நின்று பட்ட பாட்டுக்குப் பிறகு 2021ல் உதயசூரியன் 188 இடத்தில் நின்றது தற்செயல் இல்லை. வி.சி.க. 2021ல் எல்லா இடத்திலும் பானையில் நிற்போம் என்று பிடிவாதம் பிடித்ததும், 2024ல் ம.தி.மு.க. திருச்சியில் தீப்பெட்டியில் நின்றதும் இதே காரணத்தால்தான். அந்த 2024 தேர்தலுக்குப் பிறகு வி.சி.க.வுக்கு மாநிலக் கட்சி அங்கீகாரமும் வந்துவிட்டது, இனி பானையைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

"ஆட்சியில் பங்கு, அதிகாரத்தில் பங்கு" என்பது வி.சி.க.வின் பழைய முழக்கம். 2016ல் மக்கள் நலக் கூட்டணி அதை முன்வைத்து ஓட்டுக் கேட்டு ஒரு இடமும் ஜெயிக்கவில்லை, திருமாவளவன் காட்டுமன்னார்கோவிலில் 87 ஓட்டில் தோற்றார். கூட்டணி ஆட்சியை மக்கள் நிராகரித்துவிட்டார்கள் என்று அன்று எழுதினார்கள். ஜெயிக்க முடியாத அணி என்று நினைத்து ஓட்டுப் போடாமல் இருந்ததற்கும், கூட்டணி ஆட்சியே வேண்டாம் என்பதற்கும் வித்தியாசம் உண்டு, அதை யாரும் கவனிக்கவில்லை. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் விஜய் கூட்டாளிகளுக்கு ஆட்சியில் பங்கு என்று அறிவித்தபோது அதே முழக்கம் பெரிய மேடையில் ஏறியது. 2025 ஏப்ரலில் சென்னையில் அமித் ஷா அ.தி.மு.க. கூட்டணியை அறிவித்துக் கூட்டணி ஆட்சி என்ற பேச்சு கிளம்பியதும், சில நாளிலேயே எடப்பாடி பழனிசாமி, கூட்டணிதான், கூட்டணி ஆட்சி என்று சொல்லவில்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. அன்றைக்கும் அந்தச் சொல்லுக்கு இங்கே அவ்வளவு பயம்.

பக்கத்தில் கேரளத்தில் முஸ்லிம் லீக், கேரள காங்கிரஸ் மாதிரிக் கட்சிகள் கூட்டணி அமைச்சரவைகளில் பங்கு வாங்குவது பழைய வழக்கம். கே.எம். மாணி 13 தடவை பட்ஜெட் போட்டார், லீக்கின் சி.எச். முகமது கோயா 1979ல் கொஞ்ச நாள் முதல்வராகவே இருந்தார். அங்கே யாரும் அதை வெட்கக்கேடாக நினைப்பதில்லை. இங்கேயும் பங்கு கொடுப்பதற்கு ஒரு எல்லை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2003ல் வந்த 91வது திருத்தத்தின்படி அமைச்சரவை அவையின் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தமிழ்நாட்டுக்கு அது முதல்வரோடு சேர்த்து 35. ஆகவே பங்கு என்று பேச ஆரம்பித்தால் பேச்சு நாலைந்து நாற்காலியைப் பற்றித்தான் இருக்கும், எந்தத் துறை என்பதில்தான் சண்டை வரும். தேர்தல் நேரத்தில் இதில் யார் எவ்வளவு தீவிரமாக இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் மேடைப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. பெரிய கட்சி தனக்கு 118க்கு மேல் எத்தனை தொகுதி வைத்துக்கொண்டது, கூட்டாளிகளில் எத்தனை பேரைத் தன் சின்னத்தில் நிறுத்தியது என்ற இரண்டு எண்களைப் பார்த்தால் போதும், வேட்புமனு வாபஸ் முடிந்த அன்று சாயங்காலமே அவை தெரிந்துவிடும்.